கயிறறுந்த படம்

திருப்பிக் கொண்டுவந்த கசற்றை மக்கீன் நானா எடுத்த எடுப்பில் வாங்கமாட்டார். இரண்டு கையையும் மேசையில் விரித்து வைத்துக்கொண்டு, "எப்பிடி ஈந்த படம்?" என்று கேட்பார். "நல்ல படம் நானா" என்று சொல்லிவிட்டு நழுவப் பார்த்தால் விடமாட்டார். "நல்லம் என்டா? சோறு நல்லமா, கறி நல்லமா? பிரிச்சுச் சொல்லுங்க." பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொன்னால், "அடுத்த பஸ்ஸும் இதே ரோட்டாலதான் வரும்" என்பார். ஆள் கதை முழுவதையும் சொல்லி, யார் கெட்டவன், யாரைச் சாகவிட்டது அநியாயம் என்று தீர்ப்பும் சொன்ன பிறகுதான் கை நீளும். கசற்றை உள்ளங்கையில் தட்டையாக வைத்து எந்தப் பக்கம் பாரம் என்று பார்ப்பார். "பாதியில நிப்பாட்டி ஈக்கீங்க. தூங்கிட்டீங்களா?" அநேகமாகச் சரியாகத்தான் இருக்கும்.

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் அவருடைய வீடியோக் கடை. பக்கத்தில் நான் பற்றரி சார்ஜ் பண்ணுகிறேன். நடுவில் ஒரு பலகைத் தட்டி மட்டும். அவர் தும்மினால் என் கடையில் தூசி பறக்கும். ஆகவே அங்கே யார் என்ன படத்தைப் பற்றி என்ன சொன்னாலும் அது எனக்கும் சொன்ன மாதிரித்தான்.

ஆள் மெல்லியவர். அறுபதைத் தாண்டியவர். கட்டம் போட்ட சாரமும் பச்சை நிற அகலப் பெல்ட்டும். சேர்ட் பையில் ஒரு சீப்பு இருக்கும். தலையில் சீவுவதற்கு அவ்வளவாக ஒன்றும் இல்லை. கொட்டாஞ்சேனையில் பிறந்து, புறக்கோட்டையில் துணிக்கடையில் நின்று, பிறகு டெக்கும் ரீவியும் வாடகைக்கு விட்டு, கடைசியில் இந்தக் கடையில் வந்து உட்கார்ந்தவர். மனைவி மௌத்தாகிப் பல வருடம். கால்வாய்ப் பாலத்துக்கு அந்தப் பக்கம், பம்பலப்பிட்டியில் ஓர் அறையில் தனியே இருக்கிறார்.

தமிழ்ப் படம் வாடகைக்கு எடுக்கக் காலி வீதியில் பெரிய கடைகள் இருக்கின்றன. அவற்றோடு மல்லுக்கட்ட நானாவிடம் முதல் இல்லை. அவர் செய்தது வேறு. ரீவியில் வரும் ஆங்கில ரொக்கெட் படங்களையும், வாராவாரம் வரும் விண்வெளித் தொடர்களையும் தன் டெக்கில் பதிந்து வாடகைக்கு விட்டார். வேறு கிரகம், இயந்திர மனிதன், காலத்துக்குள் பின்னால் போகிறவன், இப்படிப்பட்ட சரக்கு வேண்டும் என்றால் வெள்ளவத்தையில் இவரிடம்தான் வரவேண்டும். யார் வருவார்கள் என்று நான் ஆரம்பத்தில் சிரித்தேன். வந்தார்கள். லொட்ஜ் லொட்ஜாகக் கனடாவுக்கும் லண்டனுக்கும் விசா பார்த்துக்கொண்டு கிடக்கிற யாழ்ப்பாணத்துச் சனம் வந்தது. ஐந்து வருடம் கரண்டே இல்லாமல் இருந்துவிட்டு வந்த சனம் அது. வெளியே இறங்கினால் ஆமிக்காரனின் சோதனைச் சென்றி, உள்ளே இருந்தால் பொலிஸ் பதிவு. பகல் முழுக்க என்ன செய்வது?

அப்படி வந்தவர்களில் ஒருவர் றஞ்சிதம். கொக்குவில் பெண். புருஷன் டொரொன்டோவில் இருந்து ஸ்பொன்சர் பண்ணிவிட்டுக் காத்திருக்கிறார். இவர் லொட்ஜின் மூன்றாம் மாடியில் காத்திருக்கிறார். முதல் நாளே நானாவிடம் சொல்லிவிட்டார்:

"எனக்குக் குடும்பப் படம் வேண்டாம் நானா. அதில ஒரு கிணத்தைக் காட்டுவான், ஒரு படலையைக் காட்டுவான், எனக்கு ரெண்டு நாளைக்குச் சோறு இறங்காது. உந்த ரொக்கெட் படத்தில எங்கட சாமான் ஒண்டும் இல்லை. நிம்மதியாப் பாக்கலாம்."

நிம்மதியாகப் பார்க்கிறவர் பேச்சா இது? "நாலு வருசமா அந்தக் கப்பலுக்கை கிடக்கினம். ஒருத்தராவது உடுப்புத் தோய்ச்சுக் காயப்போட்டதைக் காட்டினவனே? எல்லாற்ற சட்டையும் நேற்று மடிச்ச மாதிரிக் கிடக்கு!" இது ஒரு நாள். "புதுக் கிரகத்தில போய் இறங்கினாங்கள். ஒரு சென்றி இல்லை, ஐடென்ரிக் காட் கேக்க ஆள் இல்லை. இதை ஆர் நானா நம்புறது?" இது இன்னொரு நாள். நானா வயிறு குலுங்கச் சிரிப்பார். "அது கெட்ட எடம் தங்கச்சி, ஆனா நல்ல கெவர்மென்ட்."

மற்றவர் சிவபாதசுந்தரம் மாஸ்டர். ஊரில் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்ந்தவர். படத்தில் பிழை பிடிப்பதற்காகவே கசற் எடுக்கிறவர். "விண்வெளியில காத்து இல்லை. காத்து இல்லாத இடத்தில ஒலி இல்லை. கப்பல் வெடிச்சால் சத்தம் கேக்கக்கூடாது" என்பார். வாரம் தவறாமல் சொல்வார். ஒருநாள் றஞ்சிதம் திருப்பிக் கேட்டார்: "மாஸ்டர், சத்தம் கேளாமல் வெடிச்சால் எங்க வெடிச்சது, ஆருக்கு வெடிச்சது எண்டு சனம் எப்பிடி அறியிறது?" குண்டுகள் வெடித்த அந்த வருடம் கொழும்பில் சத்தம் கேட்டால் எல்லோரும் முதலில் அதைத்தான் கேட்டார்கள்.

இந்தக் கருத்துகளை எல்லாம் நானா சேர்த்து வைப்பார். மாஸ்டர் சொன்னதை றஞ்சிதத்துக்குச் சொல்வார், றஞ்சிதம் சொன்னதை அடுத்து வருகிறவருக்குச் சொல்வார். புதிதாக ஒருவர் வந்து நின்றால், "அந்தச் செவப்பு வெளிச்சம் வார எடத்த நல்லாப் பாருங்க. டொக்டர் பொய் சொல்றது அங்கதான் புடிபடும்" என்பார். எல்லாப் படத்தையும் பத்துத் தடவை பார்த்தவர் மாதிரி இருக்கும் பேச்சு.

அவருடைய அலுமாரி ஒரு வேடிக்கை. எழுத்துப் பார்த்து எடுக்கமாட்டார். தமிழ்ப் படத்துக்கு றப்பர் பட்டி, தொடர்களுக்குக் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்ரர், ஆங்கிலப் படத்துக்கு முடிச்சுப் போட்ட நூல். கை போய் அலுமாரியைத் தடவும். கேட்ட சாமான் வரும். புத்திசாலி மனிதர் என்று நினைத்தேன். வேறு மாதிரி நினைக்க எனக்கு அப்போது காரணம் இருக்கவில்லை.

இன்னொரு பழக்கம். வெளிநாட்டுக்கு அனுப்பவென்று சனம் கலியாண வீடியோக்களைக் கொப்பி அடிக்கக் கொண்டுவரும். கொப்பி அடித்து முடிந்ததும் நானா சாவிக் கொத்தை எடுத்து, கசற்றின் முதுகில் ஓரமாக இருக்கும் சின்னப் பிளாஸ்ரிக் பல்லை நெம்பி உடைத்துவிடுவார். அந்தப் பல் போனால் அதன் மேல் வேறொன்றும் பதிய முடியாது. "இது ஒருக்கா நடந்த விசயம். மேல வேற ஆளு ஏறப்படாது." படக் கசற்றுகளுக்கு அந்த மரியாதை கிடையாது. ஒரு படம் அலுத்தால் அதன் மேலேயே அடுத்ததைப் பதிவார். "படம் என்டா பஸ் சீற் மாதிரி. ஒத்தர் எறங்கினா அடுத்தவர்." எத்தனை கப்பல், எத்தனை கிரகம் அந்தக் கடையில் இப்படி அழிந்து போயிற்று என்று கணக்கில்லை.

அழியாமல் நின்றது ஒன்று. மின்வெட்டுக் காலத்தில் பதிந்தது. பெயர் தெரியாது; சனமே வைத்த பெயர்தான் "கயிறறுந்த படம்."

கதை இதுதான். ஒரு கப்பலில் ஒரு கப்டன் தனியே போகிறான். கூட வந்தவர்கள் எல்லோரும் செத்துப்போனார்கள். கப்பலின் இயந்திரம் மட்டும் அவனோடு கதைக்கிறது, அதுவும் சண்டைதான். ஏதோ பழுது பார்க்க அவன் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு வெளியே இறங்குகிறான். கயிறு அறுகிறது. சத்தமே இல்லை. கையை நீட்டிக்கொண்டு தள்ளித் தள்ளிப் போகிறான். அங்கே படம் ஒரு உதறல் உதறி, வெள்ளைக் கோடு ஓடி, கறுத்துவிட்டு வருகிறது. வந்தால் செம்மண் வெளி. தகரக் கொட்டில் ஒன்று. ஒரு பெண் தண்ணீர்க் கானைத் தூக்கிக்கொண்டு நடக்கிறாள். வாய் பேசாத ஒரு பிள்ளை. தண்ணீருக்குச் சண்டை, புழுதி, காய்ச்சல். கப்டன் திரும்ப வருவதே இல்லை. கடைசியில் அவள் கானைக் கீழே வைத்துவிட்டு, மேலே வானத்தைப் பார்த்துச் சிரிக்கிறாள். அவ்வளவுதான், முடிந்தது.

எனக்குப் பாதி விளங்கவில்லை. ஆனால் லொட்ஜ் சனத்துக்கு அது விளங்கிய மாதிரி வேறொன்றும் விளங்கவில்லை. அந்தக் கசற் அலுமாரியில் படுத்த நாள் குறைவு. ஹோலில் கூட்டமாக இருந்து பார்ப்பார்கள், பிறகு மாடிப்படியில் நின்று சண்டை பிடிப்பார்கள். அவனே அடுத்த பிறவியில் அவளாகப் பிறந்திருக்கிறான் என்றது ஒரு கட்சி. ஒன்றிலும் திருப்திப்படாத மாஸ்டர், "உதில ஒரு பிழையும் இல்லை. கயிறு சத்தமில்லாமல் அறுந்தது பாத்தியளே, அதுதான் விஞ்ஞானம். வேகமாப் போறவனுக்கு வயசு ஏறாது. பூமியில இருக்கிறவளுக்குத்தான் ஏறும்" என்றார். றஞ்சிதத்துக்கு அந்தப் பெண் கப்டனின் மனைவி. சந்தேகமே இல்லை. "அவன் வாறதைக் கண்டிட்டாள். அதுதான் சிரிச்சவள். பின்னை உந்தப் புழுதிக்கை என்னத்தைக் கண்டு சிரிக்கிறது?" றஞ்சிதம் அதை எத்தனை தரம் எடுத்தார் என்பது அவருக்கே தெரியாது.

நானா ஒவ்வொருவர் சொல்வதையும் தலையைச் சரித்துக் கேட்பார். "மறுக்கா சொல்லுங்க, கானக் கீழ வெச்ச பொறகா சிரிச்ச, முந்தியா?"

பாலத்தடியில் நடந்ததையும் சொல்லவேண்டும்.

ஒரு பின்னேரம் கடையைப் பூட்டிவிட்டு நானா முன்னால் போகிறார். நான் ஒரு வேலையாகப் பின்னால் போகிறேன். பாலத்தடிச் சென்றியில் ஆமிக்காரன் கையை உயர்த்தினான். சனம் நின்றது. நானா நிற்கவில்லை. "ஒஹொம இன்ன!" என்று சிங்களத்தில் நிற்கச் சொல்லிச் சத்தம் வந்தது. பஸ் இரைச்சலில் அது எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று பிடிபடாமல் அவர் மறுபக்கம் திரும்பி இன்னும் இரண்டடி வைத்தார். துவக்கு நிமிர்ந்தது. நான் ஓடிப்போய் அவருடைய சேர்ட்டைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தேன். பொத்தான் தெறித்தது. எனக்குத் தெரிந்த அரைச் சிங்களத்தில், "மாத்தயா, இவருக்குக் கண் தெரியாது" என்று கத்தினேன். வாய்க்கு வந்ததைச் சொன்னதுதான். சொன்ன பிறகுதான் அது உண்மை என்று எனக்கே தெரிந்தது.

ஆமிக்காரன் அவருடைய முகத்துக்கு முன்னால் கையை ஆட்டிப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னான். நானா பொத்தான் தெறித்த இடத்தைப் பிடித்துக்கொண்டு பாலத்தைத் தாண்டினார். பிறகு, "ஏன் தம்பி அப்பிடிச் சொன்னீங்க?" என்றார்.

"பின்னை என்ன சொல்ல? சுடு எண்டு சொல்லவோ?"

"சீனி வருத்தம் கண்ணுக்கு ஏறிட்டு. மழைக் கண்ணாடிக்குள்ளால பாக்கிற மாதிரி ஈக்கி. ஆள் வாரது வெளங்கும், ஆர் என்டு வெளங்காது." கொஞ்சத் தூரம் நடந்து நின்றார். "இந்தக் கத இந்தப் பாலத்தோட முடியணும். றஸ்மியாக்குத் தெரிஞ்சா கடை முடிஞ்ச."

றஸ்மியா அவருடைய ஒரே மகள். கட்டிக்கொடுத்தது ஹெந்தளையில். ஞாயிற்றுக்கிழமை என்றால் அடுக்குச் சட்டியில் சாப்பாடு கட்டிக்கொண்டு இரண்டு பஸ் மாறி வந்துவிடுவார். வந்ததும் தூசி தட்டுவார், தட்டிக்கொண்டே பேச்சைத் தொடங்குவார். "சீனியோட தனியக் கிடந்து என்ன செய்யப் போறீங்க வாப்பா? ஒங்கட கண்ணுக்கு ஏதும் நடந்த என்டு அறிஞ்சேன், அன்டைக்கே நானே வந்து கடையப் பூட்டி ஒங்களக் கூட்டிட்டுப் போற." நானா, "கண்ணுக்கு என்ன, கழுகு மாதிரி ஈக்கி" என்பார். மகள் போன பிறகு தட்டிக்கு மேலால் என்னிடம் சொல்வார்: "நல்ல புள்ள தம்பி. மருமகனும் நல்லம். அங்க போனா நேரத்துக்குச் சாப்பாடு, மருந்து. ஆனா அந்த ஊட்ல நான் ஒரு கதிரை. இங்க நாலு பேர் வந்து கத சொல்றாங்க."

அன்று முதல் எனக்கும் பின்னேரத்தில் பம்பலப்பிட்டிப் பக்கம் ஒரு வேலை இருந்தது. நானா என் தோளைப் பிடிக்கமாட்டார்; பக்கத்தில் உரசிக்கொண்டு நடப்பார். "இன்டைக்கும் வேலையா?" "ஓம், வேலைதான்." சென்றி வந்தால் நான் செருமுவேன். அவர் நிற்பார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் லண்டனிலிருந்து யோகநாதன் வந்து சேர்ந்தார். தாயைக் கூட்டிப்போக வந்து றஞ்சிதம் இருந்த லொட்ஜில் தங்கியிருந்தவர். நல்ல மனிதர், குறை சொல்ல ஒன்றுமில்லை. சனி இரவு எல்லோரோடும் இருந்து கயிறறுந்த படத்தைப் பார்த்திருக்கிறார். ஞாயிறு பதினொரு மணி போல அவரே கசற்றைக் கையில் பிடித்துக்கொண்டு கடைக்கு வந்தார். பின்னால் றஞ்சிதம், அதற்குப் பின்னால் மாஸ்டர். ஒழுங்கை முழுக்கச் சண்டை பிடித்துக்கொண்டு வந்தது எனக்குக் கேட்டது. கடைக்குள் றஸ்மியா சாப்பாட்டுச் சட்டியின் மூடியைத் திறந்துகொண்டிருந்தார்.

நானா கையை மேசையில் விரித்தார். "எப்பிடி ஈந்த படம்?"

"எந்தப் படம் எண்டு கேளுங்கோ நானா" என்றார் யோகநாதன். "குறை நினையாதேங்கோ. உதுக்குள்ள ரெண்டு படம் கிடக்கு."

"ரெண்டா?"

"முதல் பாதி நான் லண்டனில தியேட்டரில பாத்த படம். கயிறு அறுந்த பிறகு அந்தக் கப்டன் அப்பிடியே மிதந்து மிதந்து செத்துப்போவான். மற்றப் பாதி வேற ஒரு ரீவித் தொடர். அந்தப் பொம்பிளைக்கும் கப்டனுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இடையில கரண்ட் போயிருக்கும். வந்த பிறகு டெக்கில சனலை மாறி வைச்சுப் பதிஞ்சிருக்கிறியள்." சிரித்துக்கொண்டே சொன்னார். "நம்பர் சிவப்பில இந்தப் பெரிசா எரியுமே நானா, எப்பிடிக் கவனியாமல் விட்டியள்?"

உள்ளே மூடிச் சத்தம் நின்றது.

றஞ்சிதம் அதைக் கவனிக்கவில்லை. "லண்டனில இருந்து வந்தால் எல்லாம் தெரியுமோ? ரெண்டு படம் எண்டால் இவ்வளவு சனத்துக்கும் விளங்காமலே போச்சு? மாஸ்டர், நீங்கள் படிச்ச ஆள், சொல்லுங்கோ இவருக்கு!"

மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றி வேட்டித் தலைப்பில் துடைத்தார். நீண்ட நேரம் துடைத்தார். "ரெண்டுதான் பிள்ளை" என்றார். "சனல்காரன்ர முத்திரை முதல் பாதியில இடப்பக்க மூலையில கிடக்கு. பிறகு வலப்பக்கம் போயிட்டுது. நான் முதல் நாளே கண்டனான்."

"கண்டிட்டோ சொல்லாமல் இருந்தனியள்? சத்தம் கேட்டால் பிழை, புகை எழும்பினால் பிழை எண்டு கத்துற மனிசன்!"

"அந்தப் பிழையைச் சொன்னால் படம் அங்கேயே முடிஞ்சு போகும். உங்களோட இருந்து பாக்க ஒண்டும் இராது." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "முடியிறது எனக்கு விருப்பமில்லை."

றஞ்சிதம் அவரைப் பார்த்தார், பிறகு யோகநாதனைப் பார்த்தார். கண் கலங்கித்தான் இருந்தது, ஆனால் குரல் இறங்கவில்லை. "உங்கட படத்தில அவன் செத்தால் சாகட்டும். எங்கட படத்தில அவள் மேல பாத்துச் சிரிச்சவள். நான் கண்ணால கண்டனான்."

அப்போதுதான் றஸ்மியா முன்னால் வந்தார். அலுமாரியிலிருந்து கைக்கு வந்த ஒரு கசற்றை எடுத்துத் தகப்பனுக்கு முன்னால் பிடித்தார்.

"வாப்பா, இதுல என்ன எழுதி ஈக்கி?"

நானா கையை நீட்டினார். மகள் கசற்றைப் பின்னால் இழுத்தார்.

"தொட வாணாம். பாத்துச் சொல்லுங்க."

நான் தட்டியைச் சுற்றிக்கொண்டு வாசலுக்கு வந்திருந்தேன். ஏதாவது சொல்லி மாற்றலாம் என்றுதான் வந்தேன். றஸ்மியாவின் முகத்தைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டேன். நானா சேர்ட் பையிலிருந்த சீப்பை எடுத்தார், திரும்ப வைத்தார்.

"வெளங்கல்ல மகள்" என்றார். "நம்பரும் வெளங்கல்ல. கரண்ட் வந்த நேரம் சனலக் கையால எண்ணி வெச்சேன். ஒன்னு கூடிட்டு."

"எப்ப இருந்து?"

"போன நோம்புக்கும் முந்தி."

யோகநாதன் பாவம், நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். தான் எதன் மேல் காலை வைத்தோம் என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

"அப்ப இந்தக் கட நெறைய ஈக்கிற படம் எல்லாம்?" றஸ்மியாவின் குரல் உடைந்தது. "அது நல்லம், இது நல்லம் என்டு எனக்கும் சொன்னீங்களே வாப்பா. எப்பிடிப் பாத்தீங்க?"

நானா றஞ்சிதமும் மாஸ்டரும் நின்ற பக்கமாகக் கையைக் காட்டினார். கொஞ்சம் தள்ளித்தான் காட்டினார். "இவங்க சொல்றாங்களே. நான் பாத்தா இவ்வளவு ஈக்காது."

றஸ்மியா அடுக்குச் சட்டியின் மூடிகளை ஒவ்வொன்றாகத் திரும்ப மூடினார். வாழ்க்கை முழுக்க நான் பற்றரிகளோடு கிடந்தவன். எது எப்போது வெடிக்கும் என்று ஓரளவு தெரியும். கடையைப் பூட்டுங்க என்ற வார்த்தை இதோ வருகிறது என்று நினைத்தேன். வரவில்லை. றஸ்மியா யோகநாதனுக்கு முன்னால் கையை நீட்டினார்.

"அந்தக் கெசட்டத் தாங்க. எதுக்கு இந்தச் சண்டை என்டு எனக்கும் பாக்கணும்."

கடைக்குள் பரீட்சித்துப் பார்க்கிற ரீவி ஒன்று இருக்கிறது. கசற்றைப் போட்டுவிட்டு றஸ்மியா கீழே பாயில் உட்கார்ந்தார். றஞ்சிதம் கேட்காமலே பக்கத்தில் உட்கார்ந்தார். மாஸ்டருக்கு நான் என் கடை ஸ்ரூலைக் கொண்டுவந்து கொடுத்தேன். யோகநாதன் போகவும் தெரியாமல் நிற்கவும் தெரியாமல் கதவு நிலையில் சாய்ந்தார். நானா மட்டும் ரீவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மேசையிலேயே இருந்தார். முகம் மகள் இருந்த பக்கம் இருந்தது. கயிறு அறுகிற இடத்தில் சத்தம் இல்லாமல் போனதும், அவருடைய விரல் மேசையில் தாளம் போட்டது நின்றது. அந்த இடம் அவருக்குத் தெரியும்.

சோறு ஆறிப்போயிற்று. செம்மண் வந்தது, தகரக் கொட்டில் வந்தது, தண்ணீர்ச் சண்டை வந்தது. இரண்டு படம் என்று தெரிந்த பிறகும் எனக்கு ஒன்றாகத்தான் போயிற்று. அவள் கானைக் கீழே வைத்தாள். மேலே பார்த்தாள். சிரித்தாள். பிறகு வெறும் இரைச்சல்.

றஸ்மியா எழும்பவில்லை. நானா மேசையில் இரண்டு கையையும் மெல்ல விரித்தார். அன்றைக்கு அந்தக் கேள்வியைக் கேட்க அவருக்குத் துணிவு வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"எப்பிடி ஈந்த படம்?"

றஸ்மியா முந்தானையால் மூக்கைத் துடைத்தார். பிறகு, றஞ்சிதத்தின் பக்கம் திரும்பி, கோபமாகவே சொன்னார்:

"அது அவர்ட பொண்டாட்டி இல்ல. மகள்."

றஞ்சிதம் மறுத்துப் பேச வாயெடுத்தார். "மகளோ? அப்ப அந்தப் பிள்ளை..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். மாஸ்டர் விரலை மடித்து ஏதோ கணக்குப் போட்டார். "வயசு சரியா வருது" என்றார், தனக்குத்தானே. "வேகமாப் போனவன்தானே. சரியாத்தான் வருது." கதவு நிலையில் நின்ற யோகநாதன்கூட, "அப்பிடியும் பாக்கலாம்" என்று முணுமுணுத்தார்.

"மகளா?" என்றார் நானா. தலையைச் சரித்துக்கொண்டார். "இத ஒத்தரும் சொல்லல்லயே. எத வெச்சிச் சொல்ற?"

"கானத் தூக்கி வாரா. ஒத்தரும் ஒதவல்ல. வராத மனிசனுக்கு அவ எப்பவும் ஒரு கோப்பை கூடுதலா வெக்கிறா, பாக்கல்லயா? பொண்டாட்டி என்டா ஏசி ஈப்பா." சொல்லிவிட்டு எழுந்து டெக்கிலிருந்து கசற்றை எடுத்துத் தகப்பன் கையில் கொடுத்தார். "சாப்பிடுங்க வாப்பா. பொறகு அந்தச் சனல் எப்பிடி மாத்துற என்டு எனக்குக் காட்டித் தாங்க."

நானா கசற்றை உள்ளங்கையில் வைத்தார். ஒரு பக்கம் பாரம், முழுவதும் ஓடியிருந்தது. மற்றக் கை பெல்ட்டில் தொங்கிய சாவிக் கொத்துக்குப் போயிற்று. பெருவிரலால் கசற்றின் முதுகைத் தடவி, ஓரத்தில் இருந்த அந்தச் சின்னப் பல்லைக் கண்டுபிடித்து, சாவி நுனியை வைத்து ஒரு நெம்பு நெம்பினார். டக் என்று உடைந்து என் காலடியில் வந்து விழுந்தது.